எஞ்சின் மாற்றினோம், வண்டி கிளம்பவில்லை: கேள்வி பதில்

எஞ்சின் மாற்றிய பழைய கார்களைப் பற்றிச் சில கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைப் பார்த்துத்தான் வாங்கினேன்." நம்புகிறேன். அதனால் எஞ்சினை விட்டுவிட்டு, இறக்கி ஏற்றும்போது கழற்றியவற்றைத்தான் முதலில் பார்க்கப்போகிறோம்.

கேள்வி: 1986 அம்பாசடரில் இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சின் ஏற்றினோம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது பேட்டரி போட்டும் பயனில்லை. செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்காமல் அப்படியே இருந்தால், செல்ஃபுக்கு மின்சாரம் சரியாகப் போய்த் திரும்பவில்லை என்று பொருள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது புதிதாக அடித்த பெயிண்டின் மேலேயே முடுக்கியிருப்பார்கள்.

ஒரு ஜம்ப்பர் கேபிளை எடுத்து பேட்டரியின் எர்த் முனையிலிருந்து எஞ்சினின் வெறும் இரும்பில் நேராகக் கொடுங்கள். செல்ஃப் சுற்றினால் நோய் தெரிந்துவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால், செல்ஃப் அடிக்கும்போது அதே இரண்டு இடங்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. என்னிடம் வந்த ஒரு வண்டியில், எர்த் இல்லாததால் மின்சாரம் முழுவதும் சோக் கேபிள் (டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் இரும்புக் கம்பி) வழியாகத் திரும்பியிருந்தது. கேபிளின் மேலுறை உருகி, சோக் குமிழைத் தொட்ட ஓட்டுநர் விரலைச் சுட்டுக்கொண்டார். அதற்குள் அந்த வண்டிக்கு இரண்டு செல்ஃப் மோட்டார் மாற்றியிருந்தார்கள்!

கேள்வி: அம்பாசடருக்கு வேறொரு அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின். நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் கார்புரேட்டர் வழியாகப் படபடவென்று வெடிக்கிறது.

பதில்: பிளக் ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன. சிலிண்டர்களில் ஸ்பார்க் வரும் 1-3-4-2 என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கமாக எண்ணுவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். இந்த எஞ்சினில், ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதுவும் சரியென்றால் முதல் பிளக்கைக் கழற்றி, துளையில் விரலை வைத்து, கையால் எஞ்சினைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ரோட்டர் முதல் பிளக்கின் ஒயரைப் பார்க்க வேண்டும். நான்காவதைப் பார்த்தால், டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவை அரைச் சுற்று மாற்றி இறக்கிவிட்டார்கள்.

கேள்வி: செல்ஃப் அடிக்கும்போது பிடிப்பதில்லை. சாவியை விட்ட நொடியில் ஒரே ஒரு முறை உறுமிவிட்டு அடங்கிவிடுகிறது.

பதில்: அருமையான துப்பு இது. செல்ஃப் அடிக்கும்போது மட்டும், ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை. ரேடியோ, வைப்பர் லைனிலிருந்து ஒயரை எடுத்திருப்பார்கள். பல வண்டிகளில் அந்த லைன் செல்ஃப் அடிக்கும்போது அணைந்துவிடும். டெஸ்டர் பல்பைக் காயிலில் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் வைத்த மாருதி ஜிப்ஸியில் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் (இன்ஜெக்டர் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சுவது) வைத்தோம். ஸ்பார்க் இருக்கிறது, பிளக் காய்ந்து கிடக்கிறது.

பதில்: பழைய பெட்ரோல் பம்பை நம்பியிருக்கிறீர்களா? கார்புரேட்டருக்குக் கால் பார் அழுத்தம் போதும். இன்ஜெக்டருக்கு ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். மின்சார பம்ப், அதற்கேற்ற ஹோஸ், டேங்குக்குத் திரும்பும் குழாய் மூன்றும் தேவை. சாதாரண ஹோஸைப் போட்டுச் சமாளிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

கேள்வி: டீசல் எஞ்சின் மாற்றிய வண்டி. புகைகூட வரவில்லை.

பதில்: புகை இல்லையென்றால் டீசல் உள்ளே போகவில்லை. எஞ்சினை அணைக்க டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் இழுத்தபடியே மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சிரிக்காதீர்கள், நடக்கிறது. பிறகு ஃபில்டரின் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடியுங்கள். அடித்துக்கொண்டே இருந்தும் குமிழி நிற்கவில்லையா? டேங்கிலிருந்து வரும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது, வாஷரை மாற்றுங்கள்.