எதிராளி போடும் பெட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்தவை எல்லாமே போக்கர் சீட்டாட்டத்தின் ஒரு வகையான நோ-லிமிட் ஹோல்டம் பற்றியவை (பெட், அதாவது பந்தயம், எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்).

கேள்வி: முதல் ஆளாகப் பேச வேண்டியவர் ரெய்ஸ் செய்யாமல் (பெட்டை ஏற்றாமல்), பிக் பிளைண்ட் என்ற கட்டாய பெட்டின் அளவை மட்டும் கட்டி உள்ளே வந்தார். பின்னால் ஒருவர் ரெய்ஸ் செய்ததும் முதலாமவர் அதற்கு மேல் மூன்று மடங்கு ஏற்றினார். அடுத்துப் பேச வேண்டிய என் கையில் ஜோடி 10. என்ன செய்வது?

பதில்: ஃபோல்ட், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகுங்கள். அதுவரை சாதுவாக ஆடிக்கொண்டிருந்தவர் என்றால் அது ஏஸ் ஜோடி, இல்லாவிட்டால் கிங் ஜோடி. ஃப்ளாப்பில் (மேஜையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) செட் விழட்டும், அதாவது மூன்றாவது 10 வரட்டும் என்று காத்திருக்க நினைத்தால், அது சுமார் எட்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். இருவர் ஸ்டாக்கும் (முன்னால் உள்ள பணம்) ஆழமாக இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது.

கேள்வி: ஃப்ளாப்பில் செக் (பெட் போடாமல் விட்டார்), டர்னிலும் (நான்காவது பொதுச் சீட்டு) செக். ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) மட்டும் பெரிய பெட். ப்ளஃப் (கையில் ஒன்றுமில்லாமல் போடும் பொய் பெட்) தானே?

பதில்: முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். ரிவரில் வந்த சீட்டு என்ன என்பதை எழுதவே இல்லை! வந்தது ஏஸ் என்றால், ப்ரீஃப்ளாப்பில் (ஃப்ளாப்புக்கு முன்) ரெய்ஸ் செய்தவரிடம் அது பொருந்தியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வந்தது ஒன்றுக்கும் உதவாத 2 என்றால் கதை வேறு. போர்டில் (பொதுச் சீட்டுகளில்) ஃப்ளஷ் டிரா, அதாவது ஒரே இனத்தில் ஐந்து சேர இன்னும் ஒரு சீட்டு வேண்டிய நிலை, இருக்கும்போது நல்ல கை வைத்திருப்பவர் இரண்டு முறை இலவசமாகச் சீட்டுப் பார்க்க விடமாட்டார். முன்பே காசு கேட்டிருப்பார். அங்கே நடுத்தர ஜோடியை வைத்தும் கால் செய்யலாம் (அந்தப் பெட்டுக்குச் சமமாகக் கட்டலாம்).

ஆனால் மூன்று, நான்கு பேர் இருக்கும் பாட்டில் (பாட் என்பது நடுவில் சேர்ந்துள்ள மொத்தப் பணம்) இந்தக் கணக்கைக் கொண்டுவராதீர்கள். அத்தனை பேரும் ஃபோல்ட் செய்வார்கள் என்று நம்பிப் பொய் சொல்பவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: எதிராளி 2,000 பெட் போட்டார். பயந்து ஃபோல்ட் செய்தேன். சரியா?

பதில்: பாட்டில் எவ்வளவு இருந்தது? எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னமும் பாதிக் கடிதங்கள் இப்படித்தான் வருகின்றன. பாட் தெரியாமல் 2,000 என்பது வெறும் எண். அது பெரிய பெட்டா சின்ன பெட்டா என்பதைக்கூட என்னால் சொல்ல முடியாது.

பாட்டில் 8,000 இருந்தது என்று வையுங்கள். இது கால் பங்கு பெட். 10,000-ஐ ஜெயிக்க நீங்கள் 2,000 கட்டுகிறீர்கள். ஆறு முறையில் ஒரு முறை ஜெயித்தாலே கணக்கு நேராகிவிடும். பாட்டில் 1,000 மட்டும் இருந்தது என்றால் இதே 2,000 பாட்டைப் போல இரண்டு மடங்கு. இப்போது 3,000-க்காக 2,000 கட்ட வேண்டும், நூற்றுக்கு 40 முறை ஜெயிக்க வேண்டும். அவர் பக்கமிருந்தும் பாருங்கள். வெறுங்கையோடு பொய் சொல்கிறார் என்றால், முதல் நிலைமையில் ஐந்தில் ஒரு முறை நீங்கள் ஃபோல்ட் செய்தாலே அவருக்கு நஷ்டமில்லை. இரண்டாவதில் மூன்றில் இரண்டு முறை நீங்கள் ஓட வேண்டும். பெட்டின் அளவிலேயே அவர் உங்களிடம் எதிர்பார்ப்பது என்ன என்பது இருக்கிறது. அதை அளக்கும் கோல் பாட்தான்.

பிறகு ஸ்டாக். 2,000 போட்ட பின் அவரிடம் 500 மிச்சம் என்றால், அவர் ஏறக்குறைய ஆல்-இன் (இருப்பது எல்லாவற்றையும் போட்டாயிற்று). மேலே ரெய்ஸ் செய்து அவரைத் துரத்த முடியாது. 20,000 மிச்சம் என்றால் அடுத்த சீட்டில் அவர் என்ன கேட்பார் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

பழக்கத்தைக் கண்டுபிடிப்பதும் இந்த விகிதத்தை வைத்துத்தான். ஒரு கையைப் பாருங்கள். ஃப்ளாப் கிங்-8-3, மூன்றும் மூன்று இனம். பாட் 600, அவர் 200 போடுகிறார். எதிரில் கால். டர்ன் 5, பாட் 1,000, போடுவது 350. மறுபடி கால். ரிவர் 2, பாட் 1,700, திடீரென்று 1,600! மூன்றில் ஒரு பங்காகப் போய்க்கொண்டிருந்தவர், யாருக்கும் பெரிதாக உதவாத சீட்டில் கிட்டத்தட்ட முழுப் பாட்டுக்குத் தாவுகிறார். எதிரில் இருந்தவர் கிங்கை வைத்துக் கால் செய்கிறார். இவர் 3-3-ஐத் திறக்கிறார். ஃப்ளாப்பிலேயே செட். ஆளைத் தக்கவைக்கச் சின்னதாகப் போட்டு, கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொண்டார். நீங்கள் அந்தக் கையில் இல்லாவிட்டாலும் பின்னோக்கிப் போய் மூன்று பெட்டையும் விகிதத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ஷோடவுனில் சீட்டு திறக்கும்போது அலைபேசியைப் பார்ப்பவருக்கு இந்தத் தகவல் கிடைக்காது.

உங்கள் ஃபோல்ட் சரியா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பாட், ஸ்டாக், யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார், போர்டு என்ன என்ற நான்கையும் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: ரிவரில் நான் பெட் போட்டேன். எப்போதும் கால் மட்டுமே செய்கிறவர், மினிமம் ரெய்ஸ் செய்தார். மேல் ஜோடி (போர்டின் உயர்ந்த சீட்டோடு சேர்ந்த ஜோடி) வைத்திருக்கிறேன்.

பதில்: தோற்றுவிட்டீர்கள். விலை மலிவாக இருக்கிறதே என்று கட்டாதீர்கள்.

கேள்வி: ரிவரில் ஆல்-இன் வந்தால் அது ப்ளஃப் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தெரிந்துகொள்ள முடியாது, எண்ணிப் பார்க்கலாம். இந்தப் போர்டில், இதே பெட்டுகளோடு வந்து, எதுவும் சேராமல் போன கைகள் என்னென்ன? சேர்ந்த கைகள் என்னென்ன? ஃப்ளஷ், ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) டிராக்கள் எல்லாம் ரிவரில் சேர்ந்துவிட்டால் பொய் சொல்லக் கைகள் அதிகம் மிச்சமிருக்காது.

2003 உலக போக்கர் தொடரின் (WSOP) மெயின் ஈவென்ட்டில், கடைசி இருவர் ஆட்டத்தில், கிறிஸ் மணிமேக்கர் சாமி ஃபார்ஹாவுக்கு எதிராகப் போட்ட ஆல்-இன்னை எடுத்துக்கொள்ளுங்கள். டர்ன் முடிந்தபோது போர்டில் 9-2-6-8, அதில் மூன்று ஸ்பேட். மணிமேக்கர் கையில் ஸ்பேட் கிங்கும் ஒரு 7-உம். ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் ஒவ்வொரு சீட்டு பாக்கி. டர்னிலேயே ரெய்ஸ் செய்திருந்தார். ரிவரில் ஹார்ட் 3, எதுவும் சேரவில்லை; மொத்தத்தையும் தள்ளினார். ஃபார்ஹாவிடம் 9-களின் ஜோடி இருந்தது, யோசித்து ஃபோல்ட் செய்தார். அவர் இடத்திலிருந்து பார்த்தால், தவறிப்போன டிராக்களும் ஏராளம், டர்னிலேயே ஃப்ளஷ் அடித்த கைகளும் உண்டு. இரண்டு வகையும் ஒரே மாதிரி பெட் போட்டிருக்கும். பொய் அங்கேதான் எடுபடும். ரிவரில் மட்டும் துணிந்திருந்தால் அதற்கு அந்த பலம் இருந்திருக்காது; டர்ன் ரெய்ஸ்தான் அதை நம்ப வைத்தது. அதனால்தான் முதல் பெட்டிலிருந்து படியுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கேள்வி: ஒருவர் என்னிடம் 7-2 என்ற மிக மோசமான கையை வைத்துப் பொய் சொல்லி ஜெயித்தார். அன்றிலிருந்து அவர் எது போட்டாலும் கால் செய்கிறேன். நஷ்டமாகவே இருக்கிறது.

பதில்: ஆகத்தான் செய்யும். ஒரே ஒரு ஷோடவுனை வைத்து ஒரு மனிதரைத் தீர்மானித்துவிட்டீர்கள். ப்ரீஃப்ளாப்பில் எத்தனை கைகள் ஆடுகிறார் என்பது 50 கைகளில் ஓரளவு பிடிபடும். ரிவரில் எவ்வளவு பொய் சொல்கிறார் என்பதற்குப் பல நூறு, சில நேரம் ஆயிரக்கணக்கான கைகள் பார்க்க வேண்டும். ரிவர்வரை போகும் கைகளே குறைவு. போதாததற்கு, 7-2-வைத் திறந்து காட்டியவருக்கு நீங்கள் இனிமேல் கால் செய்வீர்கள் என்பதும் தெரியும். அவர் அதற்கேற்ப நல்ல கையோடு வருகிறார்.

கேள்வி: ஆன்லைனில் ஃப்ளாப் பெட்டுக்கு ஒருவர் நொடியில் கால் செய்தால்?

பதில்: பெரும்பாலும் டிரா அல்லது நடுத்தர ஜோடி. செட் வைத்திருந்தால் ரெய்ஸ் செய்யலாமா என்று ஒரு கணமாவது யோசித்திருப்பார். ஆனாலும் இது பலவீனமான தடயம். நான்கு மேஜையில் ஒரே நேரத்தில் ஆடுபவர் எல்லாவற்றையும் அவசரமாகத்தான் அழுத்துவார்.