'மைல் குறைவு, பெல்ட் மாற்றத் தேவையில்லை' என்கிறார் டீலர். நம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 63, லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறேன். நெடுநாள் ஆசையாக ஒரு டுகாட்டி 748 பைக் பார்த்திருக்கிறேன். 1999 பதிவு, ஓடியது 9,400 மைல், விலை 5,500 பவுண்டு. ஐந்து வருடமாகக் கராஜில் நின்ற வண்டி. ஓனருக்காக ஒரு டீலர் விற்றுக் கொடுக்கிறார். டைமிங் பெல்ட் 12,000 மைலுக்குத்தான் மாற்ற வேண்டும், இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார். நம்பி வாங்கலாமா? இந்த வயதில் இதைப் பராமரிக்க முடியுமா? சின்னச் சின்ன வேலைகள் நானே செய்வேன், முதுகில் கொஞ்சம் பிரச்சினை உண்டு. புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணம் வருமா, என்ன பெட்ரோல் போடுவது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: நம்பாதீர்கள் அண்ணா. அந்த டீலர் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் வாக்கியத்தில் பாதியை மட்டும் படித்திருக்கிறார். மீதிப் பாதி "அல்லது இரண்டு வருடம், எது முதலில் வருகிறதோ அது" என்று போகும். அந்தப் பாதிதான் உங்கள் வண்டிக்குப் பொருந்தும்.

இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட், சிலிண்டருக்கு ஒன்றாக மொத்தம் இரண்டு. பெல்ட் அறுந்தாலோ சில பல் தாண்டினாலோ வால்வு திறந்தபடியே நிற்கும், மேலே வரும் பிஸ்டன் போய் அதில் இடிக்கும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்து போகும், பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையை எட்டிப் பிடிக்கும். ரப்பருக்கு மைல் கணக்கு தெரியாது. சும்மா நின்றாலும் அது கெட்டிப்படும், ஒரே நிலையில் வருடக்கணக்காக உருளையைச் சுற்றி வளைந்து கிடந்தால் அந்த வளைவு அப்படியே தங்கிவிடும். ஐந்து வருடம் நின்ற வண்டி என்றால் பெல்ட்டுக்குக் குறைந்தது ஐந்து வயது, நிற்பதற்கு முன்னால் எப்போது மாட்டினார்கள் என்பது தனிக் கேள்வி. "டுகாட்டியே இப்போது ஐந்து வருடம் என்று சொல்கிறது" என்று யாராவது வாதாடினால், அது பின்னால் வந்த மாடல்களுக்குச் சொன்னது என்று சொல்லி நிறுத்துங்கள். அதனால் வாங்குவதாக முடிவானாலும் "அப்படியே ஓட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்" என்று மட்டும் கிளம்பாதீர்கள், வேனில் ஏற்றுங்கள்.

இந்தக் குறைந்த மைல் வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் பழைய இத்தாலிய பைக் கேள்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன. 26, 27 வருடத்தில் 9,400 மைல் என்றால் அது வருடத்துக்கு 400 மைல்கூட இல்லை. அதாவது வண்டி பெரும்பாலும் நின்றிருக்கிறது. நின்ற வண்டியில் பிரேக், கிளட்ச் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், கிளட்ச்சின் கீழ்ச் சிலிண்டர் கசியும், ஃபோர்க் சீல் காயும், டாங்கிக்குள் இருக்கும் குழாயும் பெட்ரோல் ஃபில்டரும் மக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். 2314 என்று இருந்தால் 2014-இன் 23-வது வாரம் செய்த டயர், எவ்வளவு பள்ளம் மிச்சம் இருந்தாலும் அதைக் கழற்றிப் போட வேண்டியதுதான். இதே 748 வருடாவருடம் ஓடி, 28,000 மைல் கண்டு, ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது வைத்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுப்பேன். ஆனால் சந்தையில் மைல் குறைந்ததற்குத்தான் விலை அதிகம். வாங்கி விற்பவர்களுக்கு அது வசதி, துடைத்துப் படம் எடுத்தால் போதும்.

அடுத்து வால்வு. மற்ற எஞ்சின்களில் வால்வை ஸ்பிரிங் மூடும். டுகாட்டியில் ஃபாபியோ தாலியோனி என்ற எஞ்சினியர் 1950-களில் பந்தய வண்டிக்காகக் கொண்டுவந்த ஏற்பாட்டில் மூடுவதற்கும் ஒரு ராக்கர், அதாவது சின்ன நெம்புகோல் உண்டு, அதுதான் டெஸ்மோ. 748-இல் எட்டு வால்வு, திறக்க ஒன்று மூட ஒன்று என்று பதினாறு இடைவெளி அளக்க வேண்டும். இடைவெளி சரியில்லாவிட்டால் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுச் சரி செய்ய வேண்டும். மணிக்கணக்கில் போகும் வேலை, கூலியும் அதற்கேற்பத்தான். இன்னொரு முக்கியமான விஷயம், 1999 முதல் 2001 வரையிலான, சிலிண்டருக்கு நான்கு வால்வு உள்ள டுகாட்டி எஞ்சின்களில் ராக்கரின் மேல் பூசிய குரோம் உரிவது தெரிந்த நோய். உரிந்த துகள் எண்ணெயில் கலந்து ஊர் சுற்றும், கேமையும் தின்னும். "ராக்கரைத் திறந்து பார்த்தது எப்போது, படம் இருக்கிறதா, ரசீது இருக்கிறதா" என்று கேளுங்கள். பதிலாக "சத்தம் எதுவும் இல்லையே" என்று வந்தால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கிளட்ச் மட்டும் கலகலவென்று சத்தம் போடும், அது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச், அதன் சுபாவமே அப்படி, அதற்குப் பயப்பட வேண்டாம்.

இப்போது அந்த "ஓனருக்காக விற்றுக் கொடுக்கிறேன்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு ஆகாத இடம். பிரிட்டனில் வியாபாரியிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனியாளிடம் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. அதனால்தான் சில கடைகள் லாபம் எடுக்கும்போது வியாபாரியாகவும், எஞ்சின் மடங்கும்போது "நான் வெறும் இடைத்தரகன்" என்றும் இருக்கின்றன. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் வீட்டு வாசலில் நிறுத்தி, சொந்த வண்டி போல விற்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ரசீதில் விற்பவர் என்று யார் பெயர் வரும்? கடை பெயர் வந்தால் பேசலாம், முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000-க்குள் இருந்தால் கார்டு கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. ஓனர் பெயர் வந்தால் தனியாள் விலைதான் கொடுக்க வேண்டும், ஓனரிடம் நேரில் பேசவும் வேண்டும். லாக் புக் என்ற பதிவுப் புத்தகத்தைக் காட்டி "பாருங்கள், பெயர் இருக்கிறது" என்பார்கள். லாக் புக் உரிமைப் பத்திரம் அல்ல, அதிலேயே அப்படி அச்சடித்திருக்கிறது. கடன் பாக்கி, திருட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனி கழித்துக் கட்டிய வண்டியா என்று பார்க்கும் சோதனைக்குச் சில பவுண்டுதான் ஆகும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையின் வரலாறு அரசு இணையதளத்தில் இலவசம், நம்பர் பிளேட்டைப் போட்டால் ஒவ்வொரு வருடமும் மைல் எவ்வளவு, எதில் தோற்றது எல்லாம் வரும். ஆனால் "புது எம்.ஓ.டி. போட்டுத் தருகிறேன்" என்பதில் மயங்காதீர்கள். அந்தச் சோதனையில் பிரேக், விளக்கு, டயர், சேஸிஸ் பார்ப்பார்கள், பெல்ட் உறையைத் திறந்து பார்க்க மாட்டார்கள். உயிர் போகும் பாகத்தைத் தொடாத ஒரு சோதனைக்கு ஊரே சாட்சிப் பத்திரம் போல மதிப்புக் கொடுக்கிறது, என்ன செய்ய.

யூலெஸ் விஷயம். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும், அதாவது உள்ளாட்சிப் பகுதிகளும், உள்ளே வந்துவிட்டன, ஹாரோவும்தான். பைக்குக்கு அளவுகோல் யூரோ 3 என்ற புகைத் தரம், பொதுவாக 2007 ஜூலைக்குப் பின் பதிவானவை தேறும். 1999 வண்டி என்றால் வாசலைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு, மறந்தால் 180 பவுண்டு அபராதம், 14 நாளுக்குள் கட்டினால் 90. நாற்பது வருடம் ஆன வண்டிக்கு விலக்கு உண்டு, ஆனால் இந்த வண்டிக்கு அது 2039-க்கு முன் கிடைக்காது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பைக்கைப் பொறுத்தவரை யூலெஸில் பார்ப்பது நைட்ரஜன் ஆக்சைடு ஒன்றை மட்டும்தான். கிலோமீட்டருக்கு 0.15 கிராமுக்கு மிகாமல் இருந்தால் வண்டி எந்த வருடமானாலும் கட்டணம் இல்லை. அந்த வாயு எஞ்சினுக்குள் சூடு மிக அதிகமாகும்போது உண்டாவது. பழைய ஸ்போர்ட் பைக்குகள் பெட்ரோலைத் தேவைக்கு மேலேயே குடித்து ஓடுபவை, அதனால் உள்ளே சூடு குறைவு, இந்த ஒரு வாயுவும் குறைவு. மற்ற நாற்றம் எல்லாம் தாராளமாக வரும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை! ஆக, தோட்டம் முழுக்கப் பெட்ரோல் வாசம் வீசும் வண்டி தேறிவிடும், சுத்தமாக டியூன் செய்தது தோற்கலாம், இதை ஒரு கொள்கை என்று சொல்லிக் கொடி பிடிக்கிறார்கள். லண்டனில் இதற்கான சோதனை செய்து சான்று தருகிறார்கள், காசு கட்ட வேண்டும், சான்றை லண்டன் போக்குவரத்துத் துறைக்கு அனுப்பினால் உங்கள் நம்பரை விலக்குப் பட்டியலில் சேர்ப்பார்கள். அவர்கள் இணையதளம் முதலில் பதிவு தேதியைப் பார்த்துவிட்டு "தேறாது" என்றுதான் காட்டும், அதோடு மனம் விட்டுவிடாதீர்கள். ஒருவேளை முந்தைய ஓனர் இதை ஏற்கனவே செய்து வைத்திருக்கலாம், அதனால் வாங்கும் முன்பே நம்பரைப் போட்டுப் பாருங்கள். தேறும் என்று காட்டினால் லண்டன்வாசிக்கு அது கூடுதல் விலை கொடுக்கத் தகுந்த விஷயம். காட்டாவிட்டால் சோதனைச் செலவை விலையில் கழியுங்கள்.

உங்கள் முதுகு. 748-இல் கைப்பிடி மிகவும் தாழ இறங்கிக் கிடக்கும், உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும். 20 மைல் வேகத்தில் ஹாரோ சிக்னல்களில் எதுவும் தாங்காது, முதல் கியர் உயரம் என்பதால் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டே ஊர வேண்டியிருக்கும், சீட்டுக்கு அடியில் போகும் சைலன்சர் வேறு தொடையைச் சுடும். கண்ணாடியில் உங்கள் முழங்கைதான் தெரியும், கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும், கழுத்து திரும்புமா என்று இப்போதே சோதித்துக்கொள்ளுங்கள். பக்க ஸ்டாண்டு பாரம் விலகியதும் தானே மேலே ஏறிவிடும் வகை, நின்ற இடத்தில் வண்டியைச் சாய்த்தவர்களில் பாதிப் பேர் இதில் மாட்டியவர்கள். உயர்த்திய கைப்பிடி, பெரிய பிஸ்டன் வைத்த கிளட்ச் சிலிண்டர் இரண்டும் வெளிக்கடைகளில் கிடைக்கும், கையின் வேலை நன்றாகவே குறையும். அசல் பாகங்களைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வையுங்கள். வாங்கும் முன் முக்கால் மணி நேரமாவது அதன் மேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எல்லா டுகாட்டியும் சுகம்தான்.

பராமரிப்பில் எண்ணெய், பிரேக் எண்ணெய், செயின், பேட்டரி உங்களால் முடியும். பெல்ட்டும் பொறுமை உள்ளவருக்கு முடியும். ஒரு ஜோடி 100 பவுண்டு சுற்றிக் கிடைக்கும், விறைப்பை அளக்க ஃபோன் மைக்கில் அதிர்வைக் கேட்டுச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. ஆனால் முதல் முறை தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள், குறிகளை ஒரு பல் மாற்றி வைத்தாலும் நஷ்டம்தான். பதினாறு இடைவெளி வேலையை நீங்கள் தொட வேண்டாம். அதற்கு ஆள் பிடிப்பதுதான் இப்போது உண்மையான சிக்கல். பெரிய ஷோரூம்களில் பல, 25 வருடம் தாண்டிய வண்டி என்றாலே முகம் சுளிக்கின்றன. லேப்டாப்பைச் செருக இடம் இல்லாவிட்டால் அங்கே இருக்கும் பையன்களுக்குக் கை ஓடுவதில்லை. தனி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முதலில் மெக்கானிக்கைக் கண்டுபிடியுங்கள், அவருக்குக் காசு கொடுத்து வண்டியைப் பார்க்கக் கூட்டிப் போங்கள், பைக் அப்புறம்.

748-தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் சரி. பெல்ட், டயர், எண்ணெய்கள், இடைவெளி அளவு எல்லாம் சேர்த்து என் கணக்கில் இந்த வண்டிக்கு உடனே 1,500 பவுண்டு பிடிக்கும், அதனால் 4,000-க்கு மேல் போகாதீர்கள். மனம் அவ்வளவு கெட்டியாக இல்லையென்றால் டுகாட்டியின் 900எஸ்எஸ் பாருங்கள், பெல்ட் அதே கதைதான், ஆனால் மொத்தமே நான்கு வால்வு, எட்டு இடைவெளி, காற்றுக் குளிர்ச்சி, முதுகுக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டும். என்னைக் கேட்டால் மோட்டோ குஸ்ஸி வி11. பெல்ட்டே கிடையாது, பின் சக்கரத்துக்குச் செயினும் கிடையாது, இரண்டு சிலிண்டரும் பக்கத்துக்கு ஒன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே ஸ்பேனரும், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடும் வைத்து வால்வைச் சரி செய்யலாம். கனமான வண்டி, கியர் பெட்டியில் ஒரு ஸ்பிரிங் உடையும் பழக்கமும் உண்டு, வாங்கும்போது அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல்: 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் எல்லாம் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய குழாய்களுக்கும் சீல்களுக்கும் அது ஆகாது, எத்தனால் குறைவாக உள்ள, சூப்பர் என்று விற்கும் இ5 போடுங்கள். நவம்பரில் நிறுத்துவதானால் டாங்கியை நிரப்பி நிறுத்துங்கள், பாதி டாங்கியில் ஈரம் படிந்து துரு பிடிக்கும். பேட்டரியில் சின்ன சார்ஜரை மாட்டிவிடுங்கள், சாலை வரி கட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் வண்டிப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள், அவர்கள் அபராதக் கடிதம் மட்டும் ஒருநாளும் தாமதமாக வராது.