டீச்சர் பதில்கள்: தஸ்நேவிஸ் மாதாவும் தங்கத்தேரும்

போன மாதம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, தூத்துக்குடி பனிமய மாதா கோவிலைப் பற்றிப் போகிற போக்கில் ரெண்டு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை அடைத்துக்கொண்டன. மற்ற கேள்விக்காரர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், வருஷம் முழுக்க வெயில் கொளுத்துகிற ஊரில் பனிமய மாதா எப்படி வந்தார்? என் ஆச்சி 'தஸ்நேவிஸ் மாதா' என்றுதான் சொல்வாள். அது என்ன பெயர்?
(வாசகர், திசையன்விளை)

எனக்கும் சின்ன வயதில் இதே சந்தேகம்தான். இப்போது பாளையங்கோட்டையில் இருந்தாலும் நான் பிறந்தது தூத்துக்குடியில், உப்பளத்துப் பக்கம். அம்பாரமாகக் குவித்து வைத்திருக்கும் உப்பைப் பார்த்து, பனிமலை என்றால் இதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பனி பெய்தது இங்கே இல்லை, ரோமாபுரியில். நாலாம் நூற்றாண்டில், லிபேரியுஸ் போப்பாண்டவர் காலத்தில், நல்ல கோடையில் ஆகஸ்ட் 5 அன்று எஸ்குலின் குன்றில் பனி விழுந்து, மாதாவுக்குக் கோவில் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டியது என்பது ஐதீகம். இன்றும் அங்கே அந்த நாளில் கோவில் கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களை உதிர விடுகிறார்கள். நம் ஊர்த் திருவிழாவும் அதே ஆகஸ்ட் 5-ல்தான் முடிகிறது.

உங்கள் ஆச்சி சொல்வதுதான் பழைய பெயர். போர்த்துக்கீசியத்தில் 'தஸ் நேவிஸ்' என்றால் 'பனிகளின்' என்று பொருள். முழுப் பெயர் திவ்ய சந்த மரிய தஸ்நேவிஸ் மாதா. அதில் 'சந்த' என்பதும் போர்த்துக்கீசியம்தான், புனித என்று அர்த்தம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாவி, மேசை, ஜன்னல், அலமாரி எல்லாம் அந்தக் கப்பலில் வந்த சொற்கள்தானே.

மாதா சுரூபம் (சிலை) 1555-ல் மணிலாவில் இருந்த ஒரு கன்னியர் மடத்திலிருந்து 'சாந்தா எலேனா' கப்பலில் வந்தது என்று கேட்டு வளர்ந்தவள் நான். கல்லூரியில் படிக்கும் என் மகன், 'அப்போது மணிலாவில் ஸ்பெயின்காரனே கிடையாதும்மா' என்கிறான். யார் சொல்வது சரி?
(வாசகி, சங்கரன்கோவில்)

மகன் படிக்கிறான் என்று தெரிகிறது, சந்தோஷம். அவன் சொல்வது சரிதான். பிலிப்பைன்ஸில் ஸ்பெயின்காரர்கள் நிலையாகக் குடியேறியது 1565-ல். மணிலா அவர்கள் தலைநகரானது 1571-ல். ஆகவே 1555-ல் அங்கே ஒரு கன்னியர் மடம் இருந்து, அங்கிருந்து சுரூபம் கிளம்பியது என்பது வரலாற்றுக் கணக்கில் இடிக்கிறது. சவேரியார் கேட்டு அனுப்பச் சொன்னார் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அவர் 1542-ல் நம் கரைக்கு வந்தார், 1552-ல் சீனக் கரையோரத் தீவில் இறந்தார்.

அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று அவனை விசிலடிக்க விட்டுவிடாதீர்கள். வாய்வழிச் செய்தியில் முதலில் தேய்வது வருஷமும் ஊர்ப்பெயரும். கீழ்த்திசையில் போர்த்துக்கீசியருக்கு 1511 முதலே மலாக்கா கையில் இருந்தது, சவேரியாரும் அங்கே போய் வந்தவர். மலாக்கா நாலு தலைமுறை வாயில் உருண்டு மணிலாவாகியிருக்குமோ என்பது என் ஊகம். வெறும் ஊகம்தான், பரீட்சையில் எழுதிவிட வேண்டாம்.

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், அந்தச் செய்தியை யார் சுமந்தார்கள் என்பது. 1535-37-ல் ஞானஸ்நானம் பெற்ற பரதவ மக்கள். எழுத்துப் பழக்கம் அவர்களுக்குத் தூரம் என்று நினைத்துவிடாதீர்கள். போர்த்துக்கீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'தான் இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். பதினாறே பக்கம். அவர் உழைத்தது நம் முத்துக்குளித்துறையில், இந்த மக்களுக்காக.

டச்சுக்காரர்கள் தூத்துக்குடியை ஆண்டபோது இந்தக் கோவில் என்ன ஆனது?
(வாசகர், ஸ்ரீவைகுண்டம்)

1658-ல் ஊர் அவர்கள் கைக்குப் போனது. அவர்கள் சீர்திருத்த சபைக்காரர்கள், அதாவது புராட்டஸ்டண்டுகள். சுரூபம், பூசை, பாதிரியார் எதுவும் அவர்களுக்கு ஆகாது. மாதா சுரூபத்தை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோய்ப் பாதுகாத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

நான் வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வி வேறு. இன்று நாம் பார்க்கிற கோவில் 1713-ல் திறக்கப்பட்டது. அதாவது, டச்சுக்காரன் ஆண்டுகொண்டிருக்கும்போதே. எப்படி விட்டான்? பதில் கடலுக்கு அடியில் கிடக்கிறது. முத்துக்குளிக்க அவனுக்கு ஆள் வேண்டும். மூச்சடக்கி மூழ்கத் தெரிந்தவர்கள் மாதாவை விட்டு வர மாட்டோம் என்று நின்றுவிட்டால் அவன் என்ன செய்வான்? அவர்களைப் பகைத்துக்கொண்டு முத்து எடுக்க முடியாது. 1750-ல் தன் வழிபாட்டுக்கென்று டச்சுக்காரன் கட்டிய தூய திரித்துவ ஆலயமும் நடந்துபோகிற தூரத்தில்தான் இருக்கிறது. சாயங்காலம் ரெண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தங்கத்தேர் எந்த வருஷங்களில் ஓடும்? அம்மாவுக்கு எண்பது வயது. ஒருமுறையாவது பார்க்க ஆசைப்படுகிறார்கள்.
(வாசகர், வள்ளியூர்)

வருஷா வருஷம் ஓடாது. இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்ற கணக்கும் இல்லை. பெரிய விசேஷம் கூடி வந்தால்தான் தேர். 1982-ல் பேராலயப் பட்டம் கிடைத்தபோது ஓடியது. 2013-ல் கோவிலுக்கு 300 வயது. 2023-ல் தூத்துக்குடி மறைமாவட்டத்துக்கு நூறு. இடையில் 2000, 2007-லும் ஓடியது.

தேரைச் செய்து வைத்தவர் தொன் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸ், பரதவர்களின் சாதித்தலைவர். பாண்டியபதி என்றும் சொல்வார்கள். முதல் ஓட்டம் 1806-ல். வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று ஏழு ஊர்களுக்கும் சேர்த்து 'ஏழுகடற்துறை ஏக அடைக்கலத்தாய்' என்று மாதாவைக் கூப்பிடுவது வழக்கம்.

அம்மாவைத் தேருக்காகக் காத்திருக்க வைக்காதீர்கள் தம்பி. ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை திருவிழா. கடைசி நாள் சப்பரப் பவனி உண்டு, ஆனால் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை என்பதால் நெரிசல் தாங்காது. நடுவில் ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல், கூட்டம் சேருவதற்கு முன் கூட்டிப்போங்கள். உட்கார்ந்து நிதானமாகக் கும்பிட்டுவிட்டு வரலாம்.

நாங்கள் சைவக் குடும்பம். நேர்ச்சை ஒன்று இருக்கிறது. உள்ளே வரலாமா? எப்படிக் கும்பிட வேண்டும் என்று கூச்சமாக இருக்கிறது.
(வாசகி, அம்பாசமுத்திரம்)

தாராளமாக வாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, உங்களுக்குத் தெரிந்தபடி கையெடுத்துக் கும்பிடுங்கள் போதும். மெழுகுவர்த்தி, மாலை வாசலிலேயே கிடைக்கும். எங்கள் வளவில் இருந்த ஒரு பிள்ளைமார் வீட்டு ஆச்சி உப்பும் மிளகும் முந்தியில் முடிந்துகொண்டு என் அம்மாவோடு கிளம்பிவிடுவாள். யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை. பூசை நடக்கும்போது போனால், நன்மை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்குகிற வரிசையில் மட்டும் சேர வேண்டாம். அது ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கருக்கு. தெரியாமல் கை நீட்டிவிட்டு அப்புறம் சங்கடப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை, பிள்ளைகள் கை பத்திரம். 1977-ல் தங்கத்தேர் ஓடியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. ஆறு வயதுத் தங்கச்சியை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். வடம் கிட்டத்தில் வந்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, அவள் கையை உதறிவிட்டு வடத்தைப் பிடித்துவிட்டேன். பத்தடி இழுத்தபிறகுதான் ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே தேடினால், ஒரு சர்பத் கடைப் பெஞ்சில், முன்பின் தெரியாத ஒரு மீன்காரம்மா மடியில் உட்கார்ந்து மக்ரூன் தின்றுகொண்டிருக்கிறாள். அந்த அம்மா என்னை ஏசிய ஏச்சை இங்கே அச்சில் போட முடியாது. தங்கச்சிக்கும் இப்போது பேரன் பேத்தி வந்தாயிற்று. இன்றும் தேர்ப் பேச்சு எடுத்தால், "என்னைய விட்டுட்டு வடத்தப் பிடிச்சவதான நீ" என்பாள்.