லாஜிஸ்டிக்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எதை வைத்து எடைபோடுவது?

நேர்காணலில் நன்றாகப் பேசியவர் வேலையில் சேர்ந்ததும் திணறுகிறார், என்ன கேட்டுச் சோதிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளைக் குறைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கான லோடைத் தாளில் எழுதிக் கொடுத்து, திட்டம் போடச் சொல்லிப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

டிஸ்பாட்ச் பார்க்கும் ஆளுக்கு, அதாவது எந்தச் சரக்கை எந்த வண்டியில் எப்போது அனுப்புவது என்று முடிவு செய்கிறவருக்கு, ஒரு மாதிரித் தாள்: இரண்டு வண்டிகள், ஒவ்வொன்றிலும் 5 டன், 20 கன மீட்டர் ஏறும். எட்டு ஆர்டர்கள். கூட்டினால் 7,800 கிலோ, 43 கன மீட்டர் வருகிற மாதிரி அமையுங்கள். கூட்டுத்தொகையைத் தாளில் எழுதிவிடாதீர்கள். ஒரு ஆர்டர் மெத்தையாக இருக்கட்டும்: 600 கிலோதான், ஆனால் 14 கன மீட்டரை அடைத்துக்கொள்ளும். எடையை மட்டும் பார்க்கிறவர் எல்லாம் ஏறிவிடும் என்பார். கன அளவையும் கூட்டுகிறவர் 3 கன மீட்டர் வெளியே நிற்பதைப் பிடித்துவிடுவார். "20 என்றாலும் பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விழும், முழுசாக நிரப்ப முடியாது" என்று ஒருவர் சொன்னால், அவர் லோடு ஏற்றும் இடத்தில் நின்று பார்த்தவர்.

அதே தாளில் ஒரு வாடிக்கையாளர் காலை 11 மணி வரைதான் சரக்கு வாங்குவார் என்று போடுங்கள். 8 மணிக்கு லோடு ஏற்ற ஆரம்பம், ஏற்ற 45 நிமிடம், பயணம் 2 மணி நேரம். வண்டி போய்ச் சேர்வதே 10:45. "11 மணிக்குள் வண்டி வந்தால் போதுமா, இறக்கி முடிக்க வேண்டுமா?" என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். சரியான விடையைவிட இந்தக் கேள்விக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். தாளில் இல்லாததைத் தானாக ஊகித்துக்கொள்கிற பழக்கம்தான் நிஜத்தில் வண்டியைத் திருப்பி அனுப்ப வைக்கிறது.

பாதியில், ஒரு வண்டி வழியில் நின்றுவிட்டது என்று சொல்லுங்கள். டிரைவர் பத்திரமான இடத்தில் இருக்கிறாரா, எந்த ஆர்டருக்குக் கெடு நெருங்குகிறது, யாருக்கு முதலில் போன் போட வேண்டும் என்ற வரிசையில் யோசித்தால் நல்லது. மாற்று வண்டி கிடைத்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் சொல்வேன் என்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

டிரைவருக்கு ஓட்டிக் காட்டும் சோதனை மட்டும் போதாது. "வண்டியைக் கிளப்பத் தயார் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நில்லுங்கள். லோடு கட்டிய பட்டை ஒன்றை முன்கூட்டியே தளர்த்தி வையுங்கள். சுற்றி வந்து டயர், விளக்கு, பட்டை எல்லாம் தொட்டுப் பார்க்கிறவரா, நேரே ஏறி உட்காருகிறவரா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் கவனிக்காவிட்டால், நகர்த்தும் முன் நீங்களே இறுக்கிவிடுங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது எத்தனை முறை முன்னும் பின்னும் போனார் என்று எண்ணாதீர்கள். கண்ணாடியில் தெரியாத இடத்தில் இறங்கிப் பார்த்தாரா என்பதே முக்கியம். லைசென்ஸ் நகலை நம்பாமல், வழங்கிய அலுவலகத்தின் பதிவோடு ஒப்பிடுங்கள்.

ஏற்றுமதி இறக்குமதி பிரிவு ஆளுக்கு ஒரே கேள்வி: டெமரேஜுக்கும் டிடென்ஷனுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே தாமதக் கட்டணங்கள். இலவச நாட்களைத் தாண்டிக் கன்டெய்னர் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தால் முதலாவது. வெளியே எடுத்துப்போய்த் திருப்பித் தராமல் வைத்திருந்தால் இரண்டாவது. வேலை பார்த்தவர் தயங்கவே மாட்டார்.

மேலாளர் பதவிக்கு வருகிறவர், குறித்த நேர டெலிவரி 98 சதவீதம் என்று பயோடேட்டாவில் போட்டிருந்தால், எந்தத் தேதியை வைத்துக் கணக்கிட்டீர்கள் என்று கேளுங்கள். முதலில் வாக்குக் கொடுத்த தேதியா, தள்ளிப்போட்டுத் திருத்திய தேதியா? திருத்திய தேதியை வைத்தால் எந்தக் கம்பெனியும் 98 காட்டிவிடலாம்.

மதிப்பெண் போட இரண்டு பேர் இருக்கட்டும். இருவரும் தனித்தனியாக எழுதி முடித்த பிறகே பேசிக்கொள்ளுங்கள். முதலில் பேசினால் மூத்தவர் சொன்னதே இருவர் தாளிலும் வந்துவிடும்.