கூடவே அழைத்துப் போக இரண்டு பேர்

கேள்வி: ஐயா, எங்கள் சபைக்கு வயது 11. ஞாயிறு ஆராதனைக்கு 120 பேர் வரை வருகிறார்கள். ஞாயிறு செய்தி, செவ்வாய் உபவாச ஜெபம், வெள்ளி வேத பாடம், வீடு சந்திப்பு, மருத்துவமனை ஜெபம், கணக்கு வழக்கு எல்லாமே நான்தான். போன வருடம் ஒரு சகோதரரிடம் வாலிபர் கூட்டத்தை ஒப்படைத்தேன். மூன்று மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர் இப்போது பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறார். “நீங்க ஒரு மாசம் படுத்துட்டா இந்தச் சபை நிக்குமா?” என்று என் மனைவி கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தலைமைத்துவப் பயிற்சி முகாம் ஒன்று நடத்தினால் சரியாகுமா?
— பெயர் வெளியிட விரும்பாத போதகர்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. அவர் உங்கள் ஊழியத்தைக் குறை சொல்லவில்லை, உங்களைப் பற்றிக் கவலைப்படுகிறார். சபை வளர்கிறதா என்று பார்க்க நாம் ஞாயிற்றுக்கிழமை தலைகளை எண்ணுகிறோம். நீங்கள் இல்லாத வாரத்தில் அங்கே என்ன நடக்கும் என்பதையும் கணக்கில் எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

உங்கள் சபையார் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் பலர் வேலை இடத்தில் பத்துப் பேரை நிர்வகிக்கிறவர்களாக இருக்கலாம், வீட்டில் வயதானவர்களையும் பிள்ளைகளையும் ஒருசேரக் கவனிக்கிறவர்களாக இருக்கலாம். ஆலயத்துக்குள் வந்ததும் அவர்கள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். ஏனென்றால் அங்கே அவர்களுக்கு வேறு வேலை இல்லை. பதினொரு வருடமாக எல்லாவற்றையும் நீங்கள் நன்றாகவே செய்து வந்திருக்கிறீர்கள். அதனாலேயே ஊழியம் என்பது ஐயா செய்வது, நாம் வந்து பெற்றுக்கொள்வது என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டது.

எபேசியர் 4:11-12ஐ இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். மேய்ப்பர்களையும் போதகர்களையும் கர்த்தர் சபைக்குத் தந்தது, பரிசுத்தவான்கள் ஊழியத்துக்குத் தகுதியாக வேண்டும் என்பதற்காக. ஊழியம் செய்ய வேண்டியவர்கள் அந்த 120 பேரும்தான். அவர்களை அதற்கு ஆயத்தப்படுத்துவது உங்கள் வேலை. இந்த இடத்தில் ஒரு போதகரின் மனம் மாறாவிட்டால், எத்தனை முகாம் நடத்தினாலும் “ஐயாவுக்கு உதவியாட்கள்” கிடைப்பார்களே தவிர சீஷர்கள் உருவாக மாட்டார்கள்.

சரி, ஒப்படைத்துப் பார்த்தேன், நடக்கவில்லையே என்கிறீர்கள். யாத்திராகமம் 18இல் மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்ன ஆலோசனையை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர்களை வை, பாரம் இலகுவாகும் என்கிற பகுதி நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் அவர் சொன்னது அவ்வளவாக நினைவிருப்பதில்லை. ஜனங்கள் நடக்க வேண்டிய வழியையும் செய்ய வேண்டிய காரியத்தையும் முதலில் அவர்களுக்குத் தெரியப்படுத்து என்கிறார். பிறகு தெய்வபயமும் உண்மையும் உள்ளவர்களை, பொருளாசையை வெறுக்கிறவர்களைத் தேடிப் பார்த்துத் தெரிந்துகொள் என்கிறார். பிரித்துக் கொடுப்பது அதற்கும் பிறகுதான். வாலிபர் கூட்டத்தை அந்தச் சகோதரரிடம் கொடுப்பதற்கு முன் அவர் உங்களோடு எத்தனை வாலிபர்களின் வீட்டுக்கு வந்திருந்தார்? கொடுத்த பிறகு எத்தனை முறை உட்கார்ந்து பேசினீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால் கேட்கிறேன்.

ஆண்டவர் பன்னிரண்டு பேரை நியமித்ததை மாற்கு 3:14 சொல்லும் வரிசையைப் பாருங்கள். முதலில் அவர்கள் தம்மோடு இருக்க வேண்டும், அப்புறம்தான் பிரசங்கிக்க அனுப்பப்பட வேண்டும். அவர் படகில் களைத்துத் தூங்கியதை அவர்கள் பார்த்தார்கள். குஷ்டரோகியைத் தொட்டதைப் பார்த்தார்கள். பரிசேயர் சிக்கலாகக் கேள்வி கேட்டபோது எப்படிப் பதில் சொன்னார் என்பதைப் பக்கத்தில் நின்று கேட்டார்கள். இதற்கெல்லாம் பிறகு இரண்டிரண்டு பேராக அனுப்பினார். திரும்பி வந்து, தாங்கள் செய்ததையும் போதித்ததையும் சொன்னார்கள். அவர் அதைக் கேட்டு, தனியிடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறலாம் வாருங்கள் என்றார். அனுப்பியவர், வந்தவர்களின் களைப்பையும் கவனித்திருக்கிறார்.

உங்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை இந்த ஒன்றுதான்: வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆள் தேடாதீர்கள், நீங்கள் போகும் இடத்துக்குக் கூட வர ஆள் தேடுங்கள். இரண்டு பேர் போதும்.

மருத்துவமனையில் இருக்கும் ஒருவருக்காக ஜெபிக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த முறை தனியாகப் போகாதீர்கள். ஒருவரை அழைத்துப் போங்கள். போகும் வழியிலேயே, நோயாளி யார், வீட்டில் யார் யார், என்ன பயத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். முதல் முறை அவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நீங்கள் நின்றுகொண்டே பேசாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவதை அவர் கவனிப்பார். உபதேசம் செய்யாமல் முதலில் கேட்பதை, களைத்திருப்பவரிடம் ஜெபத்தை நீட்டாமல் நாலு வாக்கியத்தில் முடிப்பதை, வாசலில் நிற்கும் மகளிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசுவதை எல்லாம் கவனிப்பார். திரும்பி வரும்போது அவரிடம் கேளுங்கள்: “என்ன பார்த்தீங்க? நான் எதை விட்டுட்டேன்?” இரண்டாவது கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். உங்களைத் திருத்தலாம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். அடுத்த முறை வேதவசனத்தை அவர் வாசிக்கட்டும். அதற்கடுத்த முறை அவர் ஜெபிக்கட்டும், நீங்கள் ஆமென் மட்டும் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நாள் உங்களுக்கு வசதிப்படாத நேரத்தில் அவரே போகட்டும். ஆனால் அவரும் தனியாகப் போகக் கூடாது, இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். 2 தீமோத்தேயு 2:2இல் பவுல் சொல்வது இதைத்தான். பவுலிடம் கேட்டதை தீமோத்தேயு உண்மையுள்ள மனுஷரிடம் ஒப்புவிக்கிறார், அவர்கள் மற்றவர்களுக்குப் போதிக்கிறார்கள். ஒரே வசனத்தில் நாலு தலைமுறை.

“நேரம் எங்கே இருக்கிறது?” என்று கேட்பீர்கள். இதற்குப் புதிதாக ஒரு கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. எப்படியும் போகப்போகிற இடத்துக்குத்தான் இன்னொருவரை அழைத்துப் போகிறீர்கள். செய்தி தயாரிக்கும் வேலையிலும் இது முடியும். சனிக்கிழமை உங்கள் குறிப்பை ஒருவரிடம் வாசித்துக் காட்டி, “இதில் எது உங்களுக்கு விளங்கவில்லை?” என்று கேளுங்கள். அவருக்குப் பயிற்சி, உங்கள் செய்திக்கும் நல்லது.

சபை வரலாற்றில் இதற்கு எத்தனையோ உதாரணங்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் போதகராக இருந்த ரிச்சர்ட் பாக்ஸ்டர் பெரிய பிரசங்கி. அப்படியிருந்தும் திங்கள், செவ்வாய் இரண்டு நாளையும் குடும்பங்களோடு தனித்தனியாகப் பேச ஒதுக்கினார். அவரும் உடன் ஊழியரும் வாரத்துக்குப் பதினைந்து, பதினாறு குடும்பங்கள் வீதம் 800க்கு மேற்பட்ட குடும்பங்களை ஒரே வருடத்தில் சந்தித்து முடிக்கத் திட்டமிட்டார்கள். பத்து வருடம் பிரசங்கம் கேட்டும் மாறாத சிலர், அரை மணி நேர நெருக்கமான பேச்சில் அதிகம் கற்றுக்கொண்டதைத் தாம் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பிரசங்கத்தை அவர் மட்டம் தட்டவில்லை. அதனால் எதுவரை முடியும் என்று அறிந்திருந்தார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. 1742இல் பிரிஸ்டல் நகரில் ஜெபவீட்டுக் கடனை அடைக்க, விசுவாசிகளைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று முடிவானது. வசூலுக்காக வீடு வீடாகப் போன குழுத் தலைவர்கள், யார் வீட்டில் சண்டை, யார் குடியில் விழுந்திருக்கிறார், யார் விசுவாசத்தில் தளர்ந்திருக்கிறார் என்று வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடனுக்காகத் தொடங்கியது ஆத்தும விசாரணைக் குழுக்களாக மாறியது. அந்தத் தலைவர்களில் பெரும்பாலோர் இறையியல் படித்தவர்கள் அல்ல, வேலைக்குப் போகும் சாதாரண ஆண்களும் பெண்களும்தான்.

யாரைத் தெரிந்துகொள்வது? நன்றாகப் பாடுகிறவர், கணீரென்று பேசுகிறவர் மேல்தான் நம் கண் முதலில் போகும். 1 தீமோத்தேயு 3இல் பவுல் கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்வையிடுகிறவருக்குச் சொல்லும் தகுதிகளில் போதகசமர்த்தன் (போதிக்கத் திறமையுள்ளவன்) என்ற ஒன்றுதான் மேடையோடு சம்பந்தப்பட்டது. மற்றவை எல்லாம் குணமும் குடும்பமும் பணமும் நாவும் பற்றியவை. புதிதாக வந்தவருக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம், இறுமாப்படைவார் என்றும் எச்சரிக்கிறார். நான் பார்க்கச் சொல்வது இது: போன வாரம் வராதவரைப் பற்றி உங்கள் சபையில் யார் விசாரிக்கிறார்? அப்படி விசாரிக்கிறவரை யாரும் மேடைக்கு அழைத்திருக்க மாட்டார்கள். அவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் ஒரு சகோதரியாக இருந்தால் உங்கள் மனைவி அவரைத் தம்மோடு அழைத்துப் போகட்டும். ஆதி சபையின் பிரசங்கி அப்பொல்லோவின் உபதேசத்தில் இருந்த குறையைத் தனியாக அழைத்து விளக்கியவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருவர் என்பதை மறக்க வேண்டாம்.

இனி அந்த வாலிபர் கூட்டத்துச் சகோதரர். மாற்கு என்னும் யோவானை நினைத்துப் பாருங்கள். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணம் புறப்பட்டு, பெர்கேயில் பாதி வழியில் திரும்பிப் போனவர். அவரை மறுபடி அழைத்துப் போகலாமா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுமையான கோபமே மூண்டது. பர்னபா அவரைச் சேர்த்துக்கொண்டு சீப்புருதீவுக்குப் போனார். பல வருடம் கழித்து, மாற்கு ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அவனை அழைத்து வா என்று அதே பவுல் சிறையிலிருந்து எழுதுகிறார். நடுவில் யாரோ ஒருவர் அவரைத் தூக்கி எடுத்து விட்டதால்தான் அப்படி எழுத முடிந்தது. இந்த வாரமே அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போங்கள். கூட்டம் குறைந்த கணக்கைப் பேச வேண்டாம். “உங்களைத் தனியா விட்டுட்டேன், அது என் தவறு” என்று சொல்லுங்கள். அவருக்கு நேர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன். பதவியைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுக்காமல், அடுத்த வீடு சந்திப்புக்குக் கூட வருகிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சீஷத்துவம் என்ற பெயரில் ஆளை ஆள் அடக்கி வைக்கும் ஆபத்தும் உண்டு. 1970களில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலில் சில போதகர்கள் தொடங்கிய மேய்ப்பு இயக்கத்தில், ஒவ்வொரு விசுவாசியும் தனக்கு மேலே ஒரு மேய்ப்பனுக்குக் கீழ்ப்பட வேண்டும் என்றார்கள். போகப் போக வேலை, திருமணம் போன்ற சொந்த முடிவுகளுக்குக்கூட மேய்ப்பனின் அனுமதி தேவைப்பட்டது. பலர் மனம் உடைந்து போனார்கள். அந்தத் தலைவர்களில் ஒருவர் 1989இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தங்களிடம் ஒப்புவிக்கப்பட்டவர்களை இறுமாப்பாய் ஆளாமல் மந்தைக்கு மாதிரியாக இருக்கும்படி பேதுரு மூப்பர்களுக்குச் சொன்னதை (1 பேதுரு 5:3) நான் அடிக்கடி நினைப்பதுண்டு. உங்களோடு வருகிறவர் உங்கள் பேச்சையும் நடையையும் அப்படியே காப்பியடிக்க ஆரம்பித்தால் சந்தோஷப்படாதீர்கள். அவர் உங்களிடம் “இல்லை ஐயா, எனக்கு அப்படித் தோணலை” என்று சொல்லும் நாள் வந்தால், அன்றைக்குச் சந்தோஷப்படுங்கள். மோசேயின் காலத்தில் எல்தாது, மேதாது என்ற இருவர் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது தடைபண்ணச் சொன்னது யோசுவா. கர்த்தருடைய ஜனங்கள் எல்லோரும் தீர்க்கதரிசிகளானால் நலமாயிருக்குமே என்றவர் மோசே. தலைவருக்கு அந்த மனம் வேண்டும்.

கணக்கு வழக்கை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அதற்குப் பயிற்சிக் காலம் எல்லாம் வேண்டாம். இந்த மாதமே இரண்டு பேரிடம் கொடுத்துவிடுங்கள். காணிக்கையை ஒரே ஆள் எண்ணுவது உங்களுக்கும் நல்லதல்ல, சபைக்கும் நல்லதல்ல.

முகாமை இந்த வருடம் வேண்டாம் என்பேன். ஒன்றாக நடந்து பழகாதவர்களுக்கு மூன்று நாள் வகுப்பு எடுத்தால் நோட்டுப் புத்தகம்தான் நிறையும். அதற்குப் பதிலாக வெள்ளி வேத பாடத்தை மாதத்தில் ஒரு வாரம் உங்களோடு வருகிறவர்களில் ஒருவர் நடத்தட்டும். தடுமாறினாலும் நடுவில் எழுந்து திருத்தாதீர்கள், மறுநாள் தனியாகப் பேசுங்கள். முகாமை அடுத்த வருடம் யோசிக்கலாம். அதற்குள், அங்கே யாரை அழைத்துப் போவது, எதைக் கற்றுக்கொடுப்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.