மூலிகைச் சாறு அல்சரைத் தடுக்கும் என்று எலியில் நிரூபித்துவிட்டார்களாமே, மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். டாக்டர் மாத்திரை எழுதியிருப்பார், வீட்டில் யாரோ மணத்தக்காளிச் சாறே போதும் என்றிருப்பார்கள். அந்த எலிச் சோதனையை மருந்தியல் மேற்படிப்பான எம்.பார்ம் படிக்கும்போது நானே செய்திருக்கிறேன், மணத்தக்காளி இலையை வைத்துத்தான்.

எங்கள் குமரி மாவட்டத்தில் ஐப்பசி மழையில் இலை உலர்த்துவதே பெரும்பாடு, அசந்தால் பூசணம். காய்ந்த இலையைப் பொடித்து, ஆல்கஹாலில் சாறு இறக்கி வற்றவைத்தால், கரும்பச்சையாகப் பிசுபிசுவென்று கொஞ்சம் மிஞ்சும். எலிகளுக்கு ஒரு நாள் பட்டினி, தண்ணீர் மட்டும். கூண்டின் அடியில் கம்பி வலை இருக்க வேண்டும், இல்லையென்றால் தன் புழுக்கையையே தின்னும். சாற்றைக் குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து, புண்ணை உண்டாக்க எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கொடுப்போம். இன்னொரு மணி நேரத்தில் எலியைக் கொன்று, இரைப்பையை வெட்டி விரித்து, உப்புநீரில் அலசி, லென்ஸ் வைத்துப் பார்ப்போம். வெறும் எத்தனால் குடித்ததில் கருஞ்சிவப்புக் கோடுகள் நீளநீளமாக இருக்கும், அவைதான் புண். சாறு குடித்ததில் கோடுகள் நன்றாகவே குறைந்திருந்தன. அந்த வேலையில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆனால் கவனியுங்கள், சாறு முதலில், புண் அப்புறம். அது தடுப்பைக் காட்டுகிறது, இருக்கிற புண் ஆறுவதை அல்ல. லேசாக எரிச்சல் தருகிற எதையாவது முன்கூட்டிக் கொடுத்தாலே எலியின் வயிறு புரோஸ்டாகிளாண்டின் என்ற காப்புப் பொருளைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த எத்தனாலே இப்படிக் காக்கும் என்று ஆந்த்ரே ராபர்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1983இல் காட்டினார்கள். அதனால்தான் ஆஸ்பிரின் கொடுத்தும், இரைப்பையின் கீழ்வாயைக் கட்டி அமிலத்தை அளந்தும் தனித்தனியாகச் சோதிக்கிறோம்.

மனிதருக்கு அல்சர் வருவது பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியாலோ வலி மாத்திரையாலோதான். கிருமியைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது. நான் செய்த சோதனையில் அந்தக் கிருமியே இல்லை.

குலசேகரத்தில் ரப்பர் வெட்டும் என் மாமா இடுப்பு வலிக்குத் தினமும் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டவர். "மக்ளே, நீயே சோதிச்ச சாறுதானே" என்று சாற்றை மட்டும் நம்பினார். நான் எவ்வளவோ சொன்னேன். கடைசியில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போய், மயங்கி விழுந்தார். எண்டோஸ்கோப்பியில் புண், கிருமி இரண்டும். ஆன்டிபயாட்டிக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துத்தான் ஆறியது.

உடனே சித்த மருத்துவத்துக்கு எதிரி என்று சண்டைக்கு வராதீர்கள். என் தாத்தா வர்ம ஆசான். அதிமதுரத்திலிருந்து வந்த கார்பினாக்சலோன் ஒரு காலத்தில் அல்சருக்கு மாத்திரையாகவே விற்றது. பத்தியத்தோடு கீரை சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன்.

கேட்காததையும் சொல்கிறேன். செடிகளைக் காட்டித்தந்த பேச்சிப்பாறை காணிப் பழங்குடிப் பாட்டியின் பெயரை ஆய்வேட்டில் போட வேண்டாம் என்று என் கல்லூரியில் நீக்கிவிட்டார்கள். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து ஜீவனி என்ற மருந்து செய்தபோது, உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கினார்கள். இங்கே ஒரு நன்றிக்கே கை வரவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

நீங்கள் டாக்டரிடம் கிருமிப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். வலி மாத்திரை ஏதாவது போடுகிறீர்களென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.