வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மினா இருக்குறது ஒரு குத்தமா?

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஆன்லைன்ல எதைப் பேசலாம், எதைப் பேசுனா போலிஸ் வரும்னு. சினிமா கேள்வி அனுப்புனவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.

கேள்வி: அண்ணே, எங்க கோயில் வாட்ஸ்அப் குரூப்புக்கு நாந்தான் அட்மின், 200 பேருக்கு மேல இருக்காங்க. தைப்பூச அன்னதானக் கணக்கப் பத்தி ஒரு ஆளு ராத்திரி 1 மணிக்கு தலைவரைக் கண்டபடி திட்டி வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டாரு. அட்மினையும் சேர்த்து எம்சிஎம்சியில (தொடர்பு பல்லூடக ஆணையம்) ரிப்போட் பண்றேன்னு தலைவர் குதிக்கிறாரு. நான் தூங்கிட்டிருந்தேண்ணே. என்னையும் பிடிப்பாங்களா? (கோயில் செயலாளர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: தூங்குனது உண்மையாவே இருக்கும் தம்பி, ஆனா அதை நீங்கதான் நிரூபிக்க வேண்டி வரலாம். நம்ம மலேசியாவோட 1950ஆம் வருசத்து சாட்சியச் சட்டத்துல 114ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்து 2012 ஜூலை 31லேர்ந்து அமலுக்குக் கொண்டு வந்தாங்க. ஒரு விஷயம் வெளியாகுற இடத்துல உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர்னு யார் பேரு இருக்கோ அவங்கதான் அதை வெளியிட்டதா கோர்ட்டு எடுத்துக்கும், இல்லேன்னா நீங்க காட்டணும். வீட்டு இண்டர்நெட் உங்க பேர்ல இருந்தாலும் இதே கதைதான், பக்கத்து வீட்டுப் பையன் உங்க வைஃபையில என்ன செஞ்சான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க. அந்த வருசம் ஆகஸ்ட் 14 அன்னிக்கு நிறைய வெப்சைட்டுங்க இதை எதிர்த்து கறுப்புத் திரை போட்டாங்க, அப்படியும் பிரிவு போகல.

இது சும்மா ஏட்டுல கிடக்குற பிரிவு இல்ல. 2021 பிப்ரவரியில மலேசியாகினி செய்தி வெப்சைட்டுக்கு பெடரல் கோர்ட்டு 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) அபராதம் போட்டுச்சே, எதுக்கு? வாசகருங்க எழுதுன 5 கமெண்டுக்கு. கோர்ட்டை அவமதிச்ச வழக்கு அது. போலிஸ்லேர்ந்து விசாரிச்ச உடனே கமெண்டைத் தூக்கிட்டோம்னு அவங்க சொல்லியும் எடுபடல, 114ஏதான் முன்ன வந்து நின்னுச்சு. ஜனங்க சில மணி நேரத்துலயே அபராதப் பணத்துக்கு மேல சேர்த்துக் குடுத்துட்டாங்க, அது வேற விஷயம். உங்க கோயிலுக்கு அப்படி யார் குடுப்பா.

ஆனா ரொம்பவும் பயந்துடாதீங்க. தலைவர் சொல்ற எம்சிஎம்சி கேசு தொடர்பு பல்லூடகச் சட்டத்தோட 233ஆவது பிரிவுல வரும், அதுல அடுத்தவங்களைத் தொல்லை பண்ணணும்ங்குற நோக்கம் இருக்கணும், தூங்குன மனுசனுக்கு என்ன நோக்கம். இப்ப செய்ய வேண்டியது: அந்த வாய்ஸை முதல்ல உங்க போன்ல சேமிச்சு வச்சுட்டு, அட்மின்ங்குற முறையில குரூப்லேர்ந்து அழிங்க. ரெண்டு மூணு நாளைக்கு அட்மின் மட்டும் பேசுற மாதிரி செட்டிங்கை மாத்துங்க. எப்ப பார்த்தீங்க எப்ப அழிச்சீங்கன்னு ஒரு தாள்ல எழுதி வைங்க. அப்புறம் அந்த அன்னதானக் கணக்கை அச்சடிச்சு கோயில் போர்டுல ஒட்டிடுங்க தம்பி, பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்னு எனக்குத் தோணுது.

கேள்வி: எங்க தொகுதி ஒய்பி (மக்கள் பிரதிநிதி) எலக்சனுக்குப் பிறகு ஆளையே காணோம். அவரு படத்தோட "காணவில்லை"ன்னு போஸ்டர் செஞ்சு ஃபேஸ்புக்ல போட்டேன். மச்சான் என்னடான்னா 233ல உள்ள போயிடுவேன்னு பயங்காட்டுறான். (ஆர்.கே., செந்தூல்)

பதில்: போஸ்டரைப் பார்த்தேன், ஒய்பி மூக்குக் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் நல்லா வெட்டியிருக்கலாம்.

மச்சான் பயப்படுறதுலயும் அர்த்தம் இருக்கு. 1998ஆம் வருசத்து தொடர்பு பல்லூடகச் சட்டத்துலதான் இந்த 233 இருக்கு. ஆபாசம், பொய், மிரட்டல் இதோட "மனம் புண்படுத்துறது"ன்னும் ஒரு வார்த்தை, நோக்கம்னு வரும்போது "எரிச்சலூட்டுறது"ன்னும் ஒரு வார்த்தை. எங்க வீட்டம்மாவுக்கு நான் குறட்டை விட்டாலே எரிச்சல்தான், அதுக்கு ஒரு வருசம் ஜெயிலா? ஃபாஹ்மி ரேசா ஞாபகம் இருக்கா, அப்ப பிரதமரா இருந்த நஜீப்பை கோமாளி மாதிரி வரைஞ்சவரு. 2018ல ஈப்போ கோர்ட்டு அவருக்கு ஒரு மாசம் ஜெயிலும் 30,000 வெள்ளி அபராதமும் போட்டுச்சு. அப்பீல்ல ஜெயில் போயி அபராதம் 10,000 ஆச்சு. ஒரு படத்துக்குப்பா.

இதுல வேடிக்கை என்னன்னா அதே சட்டத்துல 3ஆவது பிரிவைப் புரட்டுனா, இந்தச் சட்டம் இண்டர்நெட்டைத் தணிக்கை பண்ண அனுமதி குடுக்குறதா யாரும் எடுத்துக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. பிரதமர் மகாதீர் காலத்துல மல்டிமீடியா சூப்பர் காரிடோர்ங்குற தொழில்நுட்பத் திட்டத்துக்கு வெளிநாட்டுக் கம்பெனிங்களைக் கூப்பிட குடுத்த வாக்கு. வாக்கும் அங்கேயே இருக்கு, 233ம் அங்கேயே இருக்கு.

2025 ஆகஸ்ட் 19 அன்னிக்கு அப்பீல் கோர்ட்டு, பழைய 233ல "புண்படுத்துறது", "எரிச்சலூட்டுறது"ங்குற அந்த ரெண்டு வார்த்தையும் அரசியலமைப்புக்கு ஒத்து வராதுன்னு சொல்லிச்சு, அகதிகளுக்காகப் பேசுற ஹைடி குவா போட்ட வழக்குல. அரசாங்கம் விடல, பெடரல் கோர்ட்டுக்குப் போச்சு. அதுக்கு முன்னாடியே 2025 பிப்ரவரியில சட்டத்தை வேற திருத்திட்டாங்க. அபராதம் 50,000லேர்ந்து 5 லட்சம், ஜெயில் ஒரு வருசத்துலேர்ந்து ரெண்டு வருசம், "புண்படுத்துறது"ங்குற இடத்துல "மிக மோசமா புண்படுத்துறது". அந்த "மிக மோசமா" போட்டா எல்லாம் தெளிவாயிடுமாம்! இந்தியாவுல தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 66ஏன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, அதுலயும் இதே வார்த்தைதான் இருந்துச்சு. 2012ல புதுச்சேரியில ஒரு வியாபாரி மத்திய அமைச்சரோட மகனைப் பத்தி ட்விட்டர்ல எழுதுனாருன்னு அதுலதான் பிடிச்சாங்க. 2015 மார்ச் 24ல உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே தூக்கிக் கடாசிருச்சு. இங்கிலாந்துல ஒரே பேச்சை கீழ் கோர்ட்டு மோசமில்லேன்னு சொல்லி மேல் கோர்ட்டு மோசம்னு சொன்ன கேசை எடுத்துக் காட்டி, ஜட்ஜுங்களுக்கே ஒத்துப் போகாதப்ப சாதாரண ஜனங்க எப்படிப்பா கோட்டைக் கண்டுபிடிப்பாங்கன்னு கேட்டாங்க. நம்ம ஆளுங்க பத்து வருசம் கழிச்சு அதே வார்த்தையை வாசல் வழியா கூட்டிட்டு வந்திருக்காங்க.

உங்க போஸ்டர் இருக்கட்டும். அவரு கலந்துக்காத கூட்டம், தேதி எல்லாம் தெரிஞ்சா அதையும் கீழ போடுங்க. அவங்க குடும்பத்தை மட்டும் இழுக்காதீங்க.

கேள்வி: டிஎன்எஸ் மாத்துனா பிளாக் பண்ண சைட்டெல்லாம் பார்க்கலாமாமே? (மாணவர், ஜெலுத்தோங்)

பதில்: டிஎன்எஸ்ங்குறது வெப்சைட் பேரைச் சொன்னா அதோட நம்பரைத் தேடிக் குடுக்குற ஏற்பாடு. 2024 செப்டம்பர்ல அந்த வழியையும் அடைக்கச் சொல்லி இண்டர்நெட் கம்பெனிங்களுக்கு உத்தரவு போச்சு, ஜனங்க போட்ட சத்தத்துல அமைச்சர் ஃபாஹ்மி ஃபட்சில் உடனே நிறுத்தச் சொல்லிட்டாரு. மத்ததை படிப்பு முடிச்சுட்டு கேளுங்க.

கேள்வி: ஆன்லைன்ல எழுதறவங்களுக்குத்தான் இவ்வளவு பயமா, பத்திரிகைக்கு ஒண்ணும் இல்லையா? (வாசகர், கிள்ளான்)

பதில்: எங்களுக்குப் பழகிப் போச்சு. 1984ஆம் வருசத்து அச்சகச் சட்டப்படி உள்துறை அமைச்சு பெர்மிட் குடுத்தாத்தான் பத்திரிகையே. 1987 அக்டோபர்ல நிறைய பேரை மொத்தமா பிடிச்சுப் போட்ட லாலாங் நடவடிக்கை அப்ப த ஸ்டார், சின் சியூ, வாத்தான் மூணையும் ஒரே நேரத்துல நிறுத்துனாங்க. வருசா வருசம் புதுப்பிக்கணும்ங்குறது 2012லதான் போச்சு, பெர்மிட் போகல.

கேள்வி: பேச்சு சுதந்திரம் பேச்சு சுதந்திரம்னு நீங்க எழுதுறதைப் படிச்சா எனக்குக் கோவம் வருதுண்ணே. என் மகளுக்கு 17 வயசு, டிக்டாக்ல பாட்டுப் பாடி போடுவா. ஒரு கும்பல் லைவ்ல வந்து அவ நிறத்தையும் உடம்பையும் சொல்லிக் கேவலமா பேசுது. ரூமை விட்டு வர மாட்டேங்குறா, சோறு இறங்கல. இவங்களுக்கெல்லாம் என்ன சுதந்திரம்? (ஒரு அம்மா, பாகான் டாலாம்)

பதில்: அம்மா, உங்க கோவம் நியாயம், நான் மேல சொன்னதை வச்சு இவங்களுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். 2024 ஜூலையில கோலாலம்பூர்ல நம்ம தமிழ்ப் பொண்ணு ஒண்ணு இதே டிக்டாக் தொல்லையில செத்துப் போச்சு, மறந்திருக்க மாட்டீங்க. தொல்லை குடுத்த ஒரு பொம்பளைக்கு கோர்ட்டுல அபராதம் 100 வெள்ளி. 1955ஆம் வருசத்து சிறு குற்றச் சட்டத்துல அந்தக் குத்தத்துக்கு அதுக்கு மேல போட முடியாது, கார் சம்மனே சில நேரம் அதை விட அதிகம். கோமாளி படத்துக்கு 10,000, இதுக்கு 100. என் வயித்தெரிச்சல் அங்கதான்.

அதுக்குப் பிறகு குற்றவியல் சட்டத்துல 507பி முதல் 507ஜி வரைக்கும் பகடிவதைக்குன்னே (அடுத்தவங்களைக் கேலி பண்ணிக் கொடுமைப்படுத்துறது) சேர்த்து, 2025 ஜூலை 11லேர்ந்து அமல். இதுல எழுதியிருக்குறது துன்புறுத்தல், பயம், மனக்கஷ்டம், ஒருத்தரோட அடையாள விவரத்தை ஊருக்குப் பரப்புறது. அதனால ஒருத்தர் உயிரை விட்டாலோ விட முயற்சி செஞ்சாலோ 10 வருசம் வரைக்கும் போகும். எனக்கு இந்த மாதிரிச் சட்டம் வேணும், ஒய்பிக்கு எரிச்சல் வந்துச்சான்னு பார்க்குற சட்டம் வேணாம். 2026 ஜனவரி 1லேர்ந்து ஆன்லைன் பாதுகாப்புச் சட்டமும் வந்தாச்சு, அது டிக்டாக் மாதிரி கம்பெனியைப் பிடிக்குறது, கடமையைச் செய்யலேன்னா 1 கோடி வெள்ளி வரைக்கும் அபராதம். நல்லதுதான், ஆனா பயந்துபோன கம்பெனி உங்க மக பாட்டையும் சேர்த்து அழிச்சுடாம இருக்கணும்.

இன்னிக்கே செய்ங்க: லைவை ஸ்கிரீன் ரெக்கார்டு பண்ணுங்க, கணக்குப் பேரு, லிங்க், தேதி எல்லாம் தெரியுற மாதிரி. அவனுங்களை பிளாக் பண்றதுக்கு முன்னாடியே செய்ங்க. போலிஸ்ல ரிப்போட் பண்ணும்போது 507ன்னு நம்பரைச் சொல்லிக் கேளுங்க, ரிப்போட் நகலை வாங்காம வராதீங்க. தாலியான் காசேங்குற அரசாங்க உதவி போன் நம்பர் 15999, ராத்திரியிலயும் எடுப்பாங்க. மகளைத் தனியா படுக்க விடாதீங்க, சும்மா பக்கத்துல இருந்தா போதும், அறிவுரை ஒண்ணும் வேணாம்.

ரசம் சாதமா இருந்தாலும் ரெண்டு வாய் ஊட்டி விடுங்க. அவ எப்படி இருக்கான்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கம்மா, பத்திரிகையில போட மாட்டேன்.